அந்த வளைவில் அடிக்காத ஹாரன்

என் நூருக்கு,

நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சவூதி லைசென்ஸ் கிடைத்துவிட்டது. லாரி ஓட்டுவதற்கானது, என் போட்டோ ஒட்டியது. அந்தப் போட்டோவில் என்னைப் பார்க்கச் சகிக்காது. நீ பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

எண்பத்து மூன்றில் நான் கிளம்பும்போது ஏஜென்ட் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நம்ம ஊர் லைசென்ஸைக் காட்டினால் அங்கே அப்படியே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்றான். போன பிறகுதான் தெரிந்தது, புதிதாக டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று. அதுவரை டிரைவர் வேலை கிடையாது, ஊருக்குப் போக லீவும் கிடையாது என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பெங்களூருக்கும் சேலத்துக்கும் லாரி ஓட்டியவன் சிமெண்ட் மூட்டை தூக்கினேன். அதை எழுதினபோது ஒரு கடிதம் முழுக்க ஏஜென்டைத் திட்டித் தீர்த்திருந்தாய்.

அங்கே எல்லாமே இடம் மாறிக் கிடந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி போவது வலப்பக்கம். கியர் போடப் போகிற இடது கை கதவில் இடிக்கும். அதெல்லாம் பழகிவிட்டது. ஒரு பழக்கத்தைத்தான் விட முடியவில்லை.

அதியமான்கோட்டையில் நம் பள்ளிவாசலைத் தாண்டி அந்த வளைவு வந்ததும் இரண்டு நீளம், ஒரு குட்டை என்று ஹாரன் அடிப்பேனே. அது கேட்டதும் நீ உலை வைப்பாய். நான் வண்டியை ஓரங்கட்டி, லோடு கயிற்றை இறுக்கி, டயரைத் தட்டிப் பார்த்து, கைகால் கழுவிக்கொண்டு வருவதற்குள் சோறு வெந்திருக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து நமக்குள் இருந்த ஏற்பாடு அது.

டெஸ்ட் வைத்த ரோட்டிலும் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருந்தது. அதைத் தாண்டியதும் ஒரு வளைவு. பக்கத்தில் போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், ரோட்டில் ஈ காக்கை இல்லை. என் கை தானாகப் போய் ஹாரனை அடித்துவிட்டது, இரண்டு நீளம், ஒரு குட்டை. ஆளே இல்லாத ரோட்டில் யாருக்கு ஹாரன் என்று அவர் அரபியில் கேட்டதை, பின்னால் உட்கார்ந்திருந்த மலையாளி ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார்.

"என் பொண்டாட்டிக்குங்க" என்றேன். அந்தப் புண்ணியவான் அதை அரபியில் சொல்லவே இல்லை. ஃபெயில் போட்டுவிட்டார்கள்.

அதற்கு நீ எழுதிய பதில் எனக்கு வரி மாறாமல் மனப்பாடம். "அங்க ஹாரன் அடிச்சா நான் இங்க உலை வெக்கட்டுங்களா?" ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதுதான் உன் கடைசிக் கடிதம் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த டெஸ்டில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வளைவைச் சத்தமில்லாமல் கடந்தேன். பாஸ் ஆகிவிட்டேன். உனக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே ரூமுக்கு வந்தால், என்னோடு தங்கியிருந்த சேலத்து முருகேசன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"தப்பா நினைக்காதீங்க பாய். காலையிலயே தந்தி வந்துருச்சு. லைசென்ஸ் இல்லாம உங்கள ஊருக்கு உட மாட்டாங்க, அதனாலதான் நான் அப்பவே குடுக்கல."

மஞ்சள் காமாலையாம். முந்தின நாளே உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். பள்ளிவாசல் தாண்டி வருகிற வளைவை உன்னைக் கூப்பிடாமல் நான் கடந்தது அன்றைக்கு ஒரு நாள்தான், நூரு. அன்றைக்கு நீ இல்லை. முருகேசன் செய்தது சரியா? நீ இருந்தால் சொல்லியிருப்பாய், எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த லைசென்ஸைக் காட்டித்தான் லீவு வாங்கி வந்தேன். என் அக்கா வந்து நம் மகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஜமீலா உன் உயரத்துக்கு வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும், அத்தா என்றுகூடக் கூப்பிடாமல், விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உன்னைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நீ போன நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்றாள் அக்கா.

நேற்று என் பழைய முதலாளியின் டிரைவருக்குக் காய்ச்சல். காரிமங்கலம் சந்தையிலிருந்து தக்காளி லோடைச் சேலத்தில் இறக்கித் தரச் சொன்னார். ஏறி உட்கார்ந்தால் இப்போது வலது கை போய்க் கதவில் இடிக்கிறது. பள்ளிவாசலைத் தாண்டினேன். நிற்காமல் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தேன். கை கேட்கவில்லை. அடித்துவிட்டேன்.

வண்டியை ஓரங்கட்டினேன். கயிற்றையும் பார்க்கவில்லை, டயரையும் தட்டவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குப் போனால், ஜமீலா கதவோரம் நிற்கிறாள். கையெல்லாம் அரிசி களைந்த ஈரம்.

"உலை வெச்சுட்டேங்க அத்தா. ஹாரன் கேட்டா வெக்கோணும்னு அம்மா சொல்லியிருக்குது."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நானும் அழுதேன். சோறு குழைந்துபோனது, அதைத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

சவூதி லைசென்ஸைப் பெட்டியில் போட்டுவிட்டேன். இனி அங்கே போகப் போவதில்லை. முதலாளியிடம் வண்டி கேட்டிருக்கிறேன், தருகிறேன் என்றிருக்கிறார். மண்ணுக்கடியில் நீ உறங்குகிற உன் கப்ரை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். நான் உயிரோடு இருக்கிற வரை அந்த வளைவைச் சத்தமில்லாமல் கடக்க மாட்டேன், நூரு. அங்கே உனக்குக் கேட்குமா?

என் பெயரை நீ ஒரு நாளும் சொன்னதில்லை. நீ கூப்பிட்டபடியே கையெழுத்துப் போடுகிறேன்.

ஜமீலா அத்தா