ஏழாம் பாகத்து அழுகை

அன்பு மிசாவோவுக்கு,

தகனம் முடிந்து உன் அப்பாவின் எலும்புகளைக் கலயத்தில் எடுத்துவைத்த அன்று, எட்டு வயதான நீ தேம்பித் தேம்பி அழுதாய். உன்னைக் கட்டிக்கொண்டிருந்த நான், உன் மூச்சு எங்கே தடைபடுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கார்ட்டூன் தொடரின் ஏழாம் பாகத்தில் சிறுவனுக்குக் குரல் கொடுக்கையில் அப்படியே அழுதேன். விருது வந்தது.

"அம்மா, அது நான் அழுததுதானே?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டாய்.

"போடி, எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் அழும்" என்றேன்.

பிறகு நீ என் முன்னால் அழுததே இல்லை. போன மாதம் கரு கலைந்ததைக்கூட வானிலை சொல்வதுபோலத்தான் போனில் சொன்னாய்.

நேற்று அதே காட்சிக்கு மறுபதிவு. "பழைய மாதிரியே அழுங்கக்கா" என்றார் இயக்குநர். "அது என் பொண்ணு அழுததுங்க. இன்னொரு தடவை எடுக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை செண்டாயில் உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறப்பது உன் விருப்பம்.

உன் அம்மா