உன் படங்களைச் சுருக்கிவிட்டேன்

மச்சான்,

இன்று காலை கண்டிக்குப் போகிற பஸ்ஸில் இருந்துகொண்டு நம்முடைய இணையதளத்தைப் போனில் திறந்தேன். உன் முகம் முழுதாக வந்து நின்றது. இப்படி ஒரேயடியாக வருவாய் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ இறந்த பிறகு உன் அண்ணன், அதுதான் நம் நானா, அந்தப் படத்தை அதன் முழுக் கனத்தோடு முதல் பக்கத்தில் போட்டுவைத்தார். வத்தேகமயில் பஸ் ஏறித் திறந்தால் உன் முடி வரும், நெற்றி வரும். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தாலும் புருவம் வராது. உன்னைத் தாண்டினால்தானே மற்றப் படங்களுக்குப் போகலாம்? உயிரோடு இருக்கும்போதும் நீ அப்படித்தான், உங்கள் போட்டோ ஸ்டூடியோ வாசலை மறித்துக்கொண்டு நின்று பேசுவாய். நேற்று உன் படத்தையும் சுருக்கிவிட்டேன். மற்றதெல்லாம் முன்னமே முடிந்தது. மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

நாம் இந்த வேலையைத் தொடங்கியதே ராக்காயி அக்காவால்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து மனுஷி. ஒரு பழைய படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்து, பெரிதாக்கித் தர முடியுமா என்று உன்னிடம் கேட்டார். படத்தில் பாவாடையோடு அவர், பக்கத்தில் அரைக்கால்சட்டையோடு தம்பி. தாய் தகப்பன் இறந்த பிறகு தம்பியை மாமா குடும்பம் இந்தியாவுக்குக் கூட்டிப்போனது. அக்கா சித்தியோடு தோட்டத்து லயத்து வீட்டிலேயே நின்றுவிட்டார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. நீ அந்தப் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு, இப்படி எத்தனை வீட்டில் இருக்கும் என்று கேட்டாய்.

அடுத்த வாரமே தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினோம். இந்தியாவுக்குப் போன சொந்தங்களைத் தேடுகிறவர்களின் பழைய படங்களை வாங்கி நீ ஸ்கேன் பண்ணினாய். கண்டியில் மற்றவர்களுக்கு இணையதளம் செய்துகொடுத்துப் பிழைக்கிற நான், நமக்கென்று ஒன்று செய்து அதில் ஏற்றினேன்.

சண்டையும் அங்கேதான் தொடங்கியது. ஒவ்வொரு படமும் பாறாங்கல் கனம், போனில் இறங்கவே இறங்காது. வெப்பி என்கிற கோப்பு வகைக்கு மாற்றினால் நன்றாகச் சுருங்கிவிடும், பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்றேன். உன் கண்ணுக்குத் தெரியும் என்றாய். மூலப் படத்தையும் சுருக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதுவென்று சொல் பார்ப்போம் என்றேன். நாசமாய்ப் போனவனே, சரியாகத் தொட்டுக் காட்டினாய். ராக்காயி அக்காவின் முன்கையில் குத்தியிருந்த பச்சையில் ஒரு புள்ளி மங்கிவிட்டதாம்.

“பச்ச தெரியாட்டி எப்புடிடா ஆள அடையாளம் புடிக்கிற? ஒரு புள்ளி போனாலும் அது வேற கை, மச்சான்.”

நான் விட்டுக்கொடுத்தேன். படங்கள் கனமாகவே போயின. வருஷக்கணக்கில் இந்தியாவிலிருந்து ஒருவரும் அழைக்கவில்லை. நம்மைத் தேட அங்கே ஆளே இல்லை போல என்று நீ மனம் நொந்துகொண்டாய். அந்த நினைப்போடுதான் போயும் சேர்ந்தாய்.

உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்து சில மாதங்களில் ராக்காயி அக்கா மூச்சிளைப்பில் படுத்தார். பார்க்கப் போனபோது, அந்தப் படம் இன்னும் கம்பியூட்டரில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது. இருந்தென்ன? அவருடைய பேரனின் போனிலேயே அது திறக்கவில்லை. அன்றைக்கே படங்களைச் சுருக்கத் தொடங்கினேன்.

உன் நானா கேள்விப்பட்டு ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் கத்திவிட்டு வந்திருப்பேன். அவர் பால் போடாத பிளேன்டி கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, அவன்ட கை பட்ட படம். நீங்க அதுல கை வைக்க வாணாம்.”

அவன் கை பட்ட படத்தை ஒருவராலும் பார்க்க முடியவில்லையே நானா, அது பரவாயில்லையா என்று கேட்டேன். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் நிறுத்தவில்லை.

பிறகு ஒரு நாள் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ராக்காயி அக்காவின் தம்பிதான். முன்பும் பல தடவை மகளின் போனில் பார்க்க முயன்றாராம். தலைக்கு மேலே இருக்கிற சுவர் மட்டும்தான் வருமாம். இந்தத் தடவை உன் முகத்தைப் பொறுத்திருந்து தாண்டியதும் படம் முழுதாக வந்திருக்கிறது. அக்காதான் என்று எப்படித் தெரிந்தது, பச்சை தெரிந்ததா என்று வேண்டுமென்றே கேட்டேன். பச்சையெல்லாம் ஞாபகமே இல்லைங்க என்றார். ஒரு காலின் மேல் மறு காலை வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். அக்கா எப்போதும் அப்படித்தான் நிற்குமாம். கேட்டாயா, மச்சான்?

போன வெள்ளிக்கிழமை இருவரையும் வீடியோவில் பேசவைத்தேன். லயத்துக் காம்பரா அறைக்குள் சிக்னல் இல்லை. அக்காவை மெல்லக் கோயில் மேட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் போனைக் கொடுத்தேன். தம்பியின் முகம் கட்டம் கட்டமாக வந்து அப்படியே உறைந்து நின்றது. மூக்கு எங்கே, வாய் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவு பாடுபட்டு இதையா காட்டுகிறேன் என்று கூசிப்போனேன். அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா இப்புடி எளச்சுப் போயிட்ட?” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் போய் நின்று அழுதேன். உன்னை நினைத்துத்தான் அழுதேன், உன்மேல் ஆத்திரப்பட்டும் அழுதேன். அக்காவின் இந்த ஒரு கேள்வியை நீ உன் காதால் கேட்டிருக்க வேண்டும்.

உன் மூலப் படங்களில் ஒன்றையும் நான் அழிக்கவில்லை. புதிதாக வருகிறதையும் நீ பண்ணுகிற மாதிரியே, தூசி துடைத்து, ஒரு புள்ளி விடாமல் ஸ்கேன் பண்ணி வைக்கிறேன். அந்தப் பிடிவாதம் என்னைவிட்டுப் போகாது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்புகிற படம் சுருங்கித்தான் போகும். நானா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் படத்தைத் திரும்பப் பெரிதாக்கச் சொல்கிறார். மாட்டேன். அதைத் தடுக்க வேண்டுமென்றால் நீயே வந்து தடு, மச்சான்.