தேவதாருச் சில்லும் கல்பாசியும்

திருவல்லிக்கேணி, 1934

பிப்ரவரி 6
அவருக்குக் காய்ச்சல் விட்டது. ஆனாலும் என்னவோ சரியில்லை. துணிப்பெட்டியைத் திறந்தவர் பேசாமல் சட்டையை எடுத்துக்கொண்டு போனார். பூச்சி வராமலிருக்க உள்ளே தேவதாருச் சில்லு போட்டிருக்கிறேன். திறந்தாலே தும்மிவிட்டு, "இன்னாடி, பெட்டியா காடா?" என்று சிரிக்கிற மனுஷர்.

பிப்ரவரி 7
சில்லை மூக்கருகே நீட்டினேன். "வாசனை வர்தா?"
"வர்து, வர்து." பார்வை சுவரில்.
அல்லாவே, பொய்!

பிப்ரவரி 10
தேவதாரு, பிரியாணிக்குப் போடும் கல்பாசி, இரண்டும் மலைச்சரக்குதான். தேவதாரு வானம் முட்டுகிற மரம், சும்மா கிடந்தாலே மணக்கும். அதுவே தெரியாத மூக்குக்குக் கல்பாசி எப்படித் தெரியும்? பாறையில் ஒட்டி வளர்ந்த கறுப்புச் சருகு அது. காய்ந்த நெய்யில் விழுந்தால்தான் வாய் திறக்கும். இவரும் அந்த ரகம்தான். மணம் எழும்பியதும் கறியைக் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் கருகி, தேக்சா முழுக்கக் கசப்பு. அந்த நொடியைப் பிடிக்கிற மூக்குக்காகத்தான் பீர் முஹம்மது பண்டாரி என்று இவரைக் கல்யாணச் சமையலுக்குக் கூப்பிடுகிறார்கள். அடுத்த ஞாயிறு மயிலாப்பூர் ஷஃபியுல்லா சாயபு மகள் நிக்காஹ்.

பிப்ரவரி 17
கல்பாசியை நானே வறுத்துப் பொடித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். "கடைசியிலே தூவினா போதுங்க."
"என் தேக்சாவுலே உன் கை இன்னாத்துக்கு?"
கத்தினாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 18
பொட்டலம் சட்டைப் பையிலேயே திரும்பி வந்தது. பிரிக்கவே இல்லை!

பிரியாணி கசந்துபோச்சாம். மாப்பிள்ளை வீட்டார் பாதியில் எழுந்துவிட்டார்களாம். "எங்க மானத்தையே கருக்கிட்டியே, பாய்" என்றாராம் சாயபு. எல்லாம் அவரே சொன்னார். ஐயோ, இந்த ரோஷத்தை எந்தக் கிணத்துல கொண்டுபோய்த் தள்றது? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் சோறு போட்டேன்.

மார்ச் 20
யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 2
சிந்தாதிரிப்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. சரக்கு அனுப்புகிற தேவதாருப் பலகைப் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பது. தேக்சாக்களை இன்று விற்றோம். நான் அழுதேன், அவர் அழவில்லை.

ஏப்ரல் 9
அவர் வருவதற்கு முன்பே தேவதாரு வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. தாடியிலும் புருவத்திலும் மரத்தூள். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சகினா, நெசமா சொல்லு. எம்மேலே இன்னா வாசனை அடிக்கிது?"

"கல்பாசி" என்றேன்.

உள்ளங்கையை மூக்கில் வைத்துக் கண்ணை மூடி இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"வர்து, வர்து" என்றார்.