வார்டு வாசலில் கேட்டது

அன்பு மகளுக்கு,

ஆற்றுப் பாலம் இடிந்து ரயில் நின்றுபோன வருஷம்தான் அந்தக் காய்ச்சலும் வந்தது. நீ அப்போது பிறக்கவில்லை. கைகண்ட மருந்து என்று யாரோ சொன்னதை நம்பி, சோதித்துப் பார்க்காமலே உன் அம்மா வீட்டுத் தெருவில் எல்லாருக்கும் ஊற்றினார்கள். காய்ச்சல் தணிந்தவர்களைக்கூட அந்த மருந்து வாரிக்கொண்டு போயிற்று. இதைச் சொல்லிச் சொல்லித்தான் உன்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தேன்.

அப்படிப்பட்ட நான் நேற்று, புது மருந்துச் சோதனையில் சேர்ந்து உன் அம்மா படுத்திருக்கும் வார்டு வாசலில், ஊரே பார்க்க, உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாவுக்குக் குலுக்கல்ல விழுந்தது புது மருந்தா, வெறும் தண்ணியா? எனக்கு மட்டும் சொல்லும்மா."

"எனக்கே தெரியாதுப்பா. டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சா அது சோதனையே இல்ல."

"பெத்தவளுக்காக ஒரு பாட்டில மாத்தி வைக்க மாட்டியா? நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

உன் முகக்கவசம் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டு டீச்சர் இதை எழுதித் தருகிறார். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத கிழவன் நான். பாட்டிலைத் தொடாதே அம்மா. விழுந்தது விழுந்தபடியே இருக்கட்டும். அன்று அந்த மருந்தைக் குடித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவள் உன் அம்மா ஒருத்திதான்.

உன் அப்பா