விலைக்குப் போகும் என் பழைய கிராபிக்ஸ் கார்டு

தைஸ்தோ,

நீச்சலுக்குப் போகிறேன். சால்மன் சூப் அடுப்பில் இருக்கிறது, கொதிக்கவிடாமல் சூடாக்கு.

என் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய கிராபிக்ஸ் கார்டை வாங்க, ஹில்லெவி என்றொரு பெண் இரண்டு மணிக்கு வருகிறாள். நான் வாங்கிய விலையையே தருகிறாளாம். புதிய கார்டுகளின் விலை அப்படி ஏறிக் கிடக்கிறது. முதலில் காப்பியும் ஏலக்காய் பன்னும் கொடு. பேச்சு அப்புறம்.

நேற்று நான் புதுக் கார்டு வாங்கப் புறப்பட்டபோது போட்ட சண்டை இன்னும் காதில் கேட்கிறது.

"புதுக் கார்டு விலைக்குப் படகு மோட்டாரே வாங்கலாமேடி!"

"வாங்கேன். அதை வெச்சு கேம்ல டிராகனைக் கொல்லுவியா?"

"கொஞ்சம் பொறு, விலை இறங்கும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. ஏறினதுதான் மிச்சம். எழுபத்திரண்டு வயசுல இன்னும் எவ்வளவு பொறுக்கறது, கிழவா?"

இர்மெலி

பி.கு. மனம் மாறிவிட்டது, விற்காதே. டிராகன் வரும்போதெல்லாம் உன் திரை திக்கித் திக்கி நிற்கிறது. நீ செத்துப்போய் மௌஸைத் திட்டுகிறாய், பார்க்கச் சகிக்கவில்லை. ஹில்லெவி இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள். மன்னிப்புக் கேட்டு, கையில் நாலு பன் கொடுத்து அனுப்பு. கார்டை உன் கம்ப்யூட்டரில் மாட்டு. சாயங்காலம் சௌனாவில் நீராவிக் குளியல் முடிந்ததும் சேர்ந்து விளையாடுவோம். இனிமேல் செத்தால் மௌஸ் மேல் பழி போட முடியாது.