ஆசிரியர் அறையில் கிடைக்காத ஒன்பது கட்டுரைகள்

அனுப்புநர்:
வ. அழகுசுந்தரம்,
முதுநிலை ஆய்வாளர், துரு ஆய்வுப் பிரிவு,
கட்டட உலோக ஆய்வு நிலையம், காரைக்குடி.
(வீடு: ஊருணித் தென்கரை, தேவகோட்டை)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கட்டட உலோக ஆய்வு நிலையம், காரைக்குடி.

பொருள்: பிறருடைய ஒன்பது ஆய்வுக் கட்டுரைகளை என்னுடையவை என்று காட்டியதாக எனக்கு வழங்கப்பட்ட குறிப்பாணையை ரத்து செய்யவும், நூலகத்தில் முழுவாசகத் தேடல் நடத்தி உண்மையை அறியவும் வேண்டுதல்.

பார்வை: நிர்வாக அலுவலரின் குறிப்பாணை, நாள் 12.1.1998.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதவி உயர்வுக்காக நான் கொடுத்த பட்டியலில் பதினான்கு கட்டுரைகள் உள்ளன. தேர்வுக் குழு அவற்றைச் சரிபார்க்க நூலகத்துக்கு அனுப்பியது. நூலகம் ஐந்து மட்டுமே என்னுடையவை என்று எழுதிக் கொடுத்தது. மீதி ஒன்பதைத் திருடியவன் என்ற பொருள்பட எனக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது. இருபது ஆண்டுப் பணியில் எனக்கு வந்த முதல் குறிப்பாணை இது. அன்று மாலை வீட்டில் அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால் நானே அதை நான்கு முறை வாசித்தேன். நான்காவது முறையும் அதில் அதேதான் இருந்தது.

2. நடந்தது இன்னதென்று கூறக் கடமைப்பட்டுள்ளேன். நம் நூலகத்தில் ஆய்விதழ்கள் முழுமையாகப் பதிவான ஏழு சி.டி. தகடுகள் உள்ளன. அவற்றில் ஒவ்வொரு கட்டுரையும் ஆசிரியர், தலைப்பு, முகவரி, ஆண்டு, முழுவாசகம் என்று தனித்தனி அறைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர் அறையில் தேடச் சொன்னால் கணிப்பொறி பக்கத்து அறையை எட்டிக்கூடப் பார்க்காது. குழு கொடுத்த தாளில் ‘வ. அழகுசுந்தரம், ஆசிரியர் அறை’ என்று இருந்தது. தகவல் உதவியாளர் திருமதி பெல்சி அதையே தட்டினார், ஐந்து வந்தது. அவர் மீது எந்தப் பிழையும் இல்லை.

3. மற்ற ஒன்பதும் ‘மு. அழகுசுந்தரம்’ என்ற பெயரில் உள்ளன. அதுவும் நானே. நான் பிறந்தது கீழச்சிவல்பட்டி மு. முத்துக்கருப்பன் அவர்களுக்கு. 1990ஆம் ஆண்டு தை மாதம், எனக்கு நாற்பத்தொரு வயதில், தேவகோட்டைப் பங்காளி வயிரவன் அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் எங்கள் வழக்கப்படி அவர்கள் வீட்டுக்குச் சுவீகாரம் வந்தேன். அன்றுமுதல் தலைப்பெழுத்து மாறியது. எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் புதிதல்ல. பேருந்து நிலையப் பூக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். கணிப்பொறிக்குத்தான் மு. ஒரு மனிதன், வ. வேறு மனிதன்.

4. இந்த மாற்றத்துக்கு 1990இல் இந்த அலுவலகமே ஆணை பிறப்பித்தது. அதன் நகலைக் காட்டினேன். நகல் செல்லாது, மூலம் வேண்டும் என்றார்கள். மூலம் என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. பணிப்பதிவேடு தணிக்கைக்குப் போய் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. அலுவலகம் தொலைத்ததை நான் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த விதியின் கீழ் என்று அறிய விரும்புகிறேன்.

5. அடுத்து, முகவரி அறையில் தேடுமாறு வேண்டினேன். பதினான்கு கட்டுரைகளிலும் நம் நிலையத்தின் முகவரியே இருந்தது. ஒரே நிலையத்தில் இரண்டு அழகுசுந்தரம் இருந்திருக்கலாம் என்று நிர்வாக அலுவலர் கருத்துத் தெரிவித்தார். இருந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு துணையாவது கிடைத்திருக்கும்.

6. எஞ்சியது முழுவாசக அறை. ஏழு தகடுகளையும் ஒவ்வொன்றாக மாற்றித் தேட வேண்டியிருப்பதால் அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆய்வாளருக்கு வாரம் அரைமணி என்று அனுமதிக்கப்பட்ட நேரத்தில் மூன்று வாரங்களைச் செலவிட்டேன். என் பெயரைத் தேடவில்லை. ‘கீழச்சிவல்பட்டி’ என்று ஊர்ப் பெயரைத் தேடினேன். அத்தனை நாட்டு இதழ்களிலும் சேர்த்து அந்த ஊரின் பெயர் பத்துக் கட்டுரைகளில் மட்டுமே இருக்கிறது. ஒன்பது மு. எழுதியவை. ஒன்று வ. எழுதியது. பத்திலும் ஊர்ப் பெயர் வருவது கடைசிப் பக்க நன்றியுரையில், ஒரே மனிதரின் பெயரோடு.

7. காரணம் எளிது. நூறாண்டுக்கு முந்திய ஜன்னல் கம்பிகள் சுண்ணாம்புச் சுவரில் ஏன் துருப்பிடிப்பதில்லை என்பதே என் ஆய்வு. முத்துக்கருப்பன் அவர்கள் இடித்த வீடுகளின் சாமான்களை வாங்கி விற்பவர். எனக்கான கம்பிகளை, எந்த வீடு, எந்தச் சுவர் என்று சீட்டுக் கட்டி எடுத்து வைப்பார். முதல் கட்டுரை வந்ததும் இதழை எடுத்துச் சென்று காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் விரலைப் பிடித்து நன்றியுரையின் மேல் வைத்தேன். “இம்புட்டுக்கூண்டு பொடி எழுத்தாவா போட்டிருக்காக?” என்று கேட்டுவிட்டு, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று முழுவதும் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

8. பத்தாவது கட்டுரை திரையில் வந்தபோது திருமதி பெல்சி, “சார், ஒம்பதுலயும் என் தந்தைன்னு நன்றி சொல்லியிருக்கீக. இதுல மட்டும் ஏன் வெறும் பேரப் போட்டிருக்கீக?” என்று கேட்டார். பத்து நன்றியுரைகளையும் அச்செடுத்துத் தருமாறு அவரிடம் கேட்டேன். காரணத்தைத் தங்களுக்குச் சொல்கிறேன். சுவீகாரம் போனபின் பெற்றவரை அப்பச்சி என்று அழைப்பது முறையல்ல என்று பெரியவர்கள் சொன்னார்கள். வேறு எப்படி அழைப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அவர் இருந்த கடைசி இரண்டு ஆண்டுகளும் அவரை எதுவும் சொல்லி அழைக்காமலே பேசினேன். 1992இல் அவர் காலமானபோது தம்பி கொள்ளி வைத்தான். நான் துக்கம் கேட்க வந்தவர்களோடு நின்றுவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பினேன். சுவீகாரம் கொண்டவர்களும் பின்னர் காலமானார்கள். அவர்கள் என்னை நன்றாகவே வைத்திருந்தார்கள். என் மனைவி மீனாள் 1995இல் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

9. இந்நிலையில் நிர்வாக அலுவலர், விவகாரத்தை முடித்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தில், ஓர் உறுதிமொழிப் பத்திரத்தின் வரைவை என்னிடம் கொடுத்தார். ‘மு. அழகுசுந்தரம் என்று எவரும் இல்லை’ என்று நான் கையொப்பமிட வேண்டும். அதன்பேரில் தகடு வெளியிடும் நிறுவனத்துக்கு எழுதி, அடுத்த பதிப்பில் ஒன்பது கட்டுரைகளின் ஆசிரியர் அறையிலும் மு. என்பதை வ. என்று மாற்றச் செய்வார்களாம். பிறகு ஒரே தேடலில் பதினான்கும் வந்துவிடும். வரைவு ஒரு வாரமாக என் மேசையில் இருக்கிறது. என்னால் கையொப்பமிட முடியவில்லை.

10. உண்மைக்கு மாறாக அறிக்கை தந்தேன் என்று என்மேல் குற்றம் சாட்டப்பட்டிருப்பதால், அப்படி நான் செய்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1991இல் பத்தாவது கட்டுரை வந்தபோது, வழக்கம்போல அதைக் கீழச்சிவல்பட்டிக்கு எடுத்துச் சென்றேன். அவர் தானே விரலைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டு, தமிழில் வாசித்துச் சொல்லச் சொன்னார். அச்சில் இல்லாத ‘என் தந்தை’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வாசித்தேன். அவர் தலையசைத்தார். குறிப்பாணையில் அந்தக் குற்றம் இல்லை. வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

11. ஆகவே ஐயா அவர்கள், தாங்கள் குறிக்கும் ஒரு நாளில் குழுவினர் முன்னிலையில் முழுவாசக அறையில் அந்த ஊர்ப் பெயரைத் தேடச் செய்து, மு.வும் வ.வும் ஒருவரே என்று பதிவு செய்து, குறிப்பாணையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பதவி உயர்வைத் தருவதும் தராததும் தங்கள் விருப்பம். ஆனால் தகடு நிறுவனத்துக்கு மட்டும் எதுவும் எழுத வேண்டாம். ரேஷன் அட்டை, வங்கி, பணிப்பதிவேடு, கோவிலின் குடும்பப் புள்ளிக் கணக்கு எல்லாவற்றிலும் தலைப்பெழுத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நான் அவருக்கு மகனாக இருப்பது இப்போது அந்த ஒன்பது கட்டுரைகளில் மட்டும்தான். அதை விட்டுவைக்க வேண்டும்.

இணைப்பு: 1) பத்து நன்றியுரைகளின் அச்சுப்படி. 2) 1990ஆம் ஆண்டு ஆணையின் நகல். 3) கையொப்பமிடப்படாத உறுதிமொழி வரைவு.

இடம்: காரைக்குடி
நாள்: 9.2.1998

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) வ. அழகுசுந்தரம்
(ஒப்பம்) மு. அழகுசுந்தரம்