பெயின்ட் ஷாப் டீ மணி

இன்று காலை திரையில் உன் பயனர் பெயர். கீழே மேனேஜரின் மின்னஞ்சல்: இந்தக் கணக்கை நீக்கவும்.

வல்லக்கோட்டைத் திருப்பத்தில் கன்டெய்னர் லாரி உன்னை அடித்துக் கொன்ற பிறகும் நீ வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஷிப்ட் மணி, சாப்பாட்டு மணி, டீ மணி, எல்லாம் சர்வரில் உன் கணக்கிலிருந்தே அடித்தன. பொதுக் கணக்கில் போட வேண்டியவற்றை அவசரத்தில் உன் பெயரில் போட்டுவிட்டிருந்தாய். உன்னை நீக்கினால் தொழிற்சாலையில் மணியே இல்லை.

நாம் தங்கியிருந்த வடக்குப்பட்டு அறையில் ஒருநாள் மடிக்கணினியைத் திறந்து, மணியை அடிக்கவைக்கும் வரியைக் காட்டினாய். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. அவ்வளவுதான்.

"எண்ணுக்குப் பதிலா நட்சத்திரக் குறி போட்டா எப்பவும்னு அர்த்தம்," என்றாய்.

"எப்போ நிறுத்தணும்னு எங்கடா எழுதுவ?"

"அதுக்கு எடமே கெடையாது. நாமளா போயி அழிச்சாத்தான் உண்டு."

தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவான பெயின்ட் ஷாப்காரர்கள் முகமூடி, கையுறை, மேலுடை எல்லாம் கழற்றி கேன்டீன் வருவதற்குள் டீ நேரம் பாதி போய்விடும். அவர்களுடைய மணியை மட்டும் சற்று முன்னதாக வைத்தாய். யாரையும் கேட்கவில்லை.

"இன்னாபா, அங்க மட்டும் முன்னாடியே அடிக்குது?" என்றார் மேனேஜர்.

"அங்க கடிகாரம் லேசா முந்தி ஓடுது சார்," என்றாய்.

எல்லா மணிக்கும் ஒரே கடிகாரம் என்பது அன்று அவருக்கு உறைக்கவில்லை. இன்று உறைத்திருக்கிறது.

"அவன் போட்டத எல்லாம் மாத்திடு. டீ மணிய கரெக்ட் பண்ணிடு. ஏதாவது ஒண்ணுன்னா உன்னத்தான் கேப்பேன். கான்ட்ராக்ட் முடியப்போவுது, நெனப்பு வெச்சுக்கோ."

மற்ற மணிகளைப் பொதுக் கணக்குக்கு மாற்றினேன். அங்கே யார் எழுதியது என்று தெரியாது. பெயின்ட் ஷாப் வரியையும் அங்கேயே ஒளித்து வைத்திருக்கலாம். அதை மட்டும் என் பெயரில் எழுதினேன். நீ வைத்த நிமிடத்தைத் திருத்தவில்லை.

பிறகு உன்னை நீக்கினேன். உறுதிதானா என்றுகூட இயந்திரம் கேட்கவில்லை.

இருப்புக் கொள்ளவில்லை. கேன்டீனில் போய் நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். பெயின்ட் ஷாப் மணி முன்னதாகவே அடித்தது. பெயின்ட் ஷாப் கதவு திறந்தது. ஒரு பெண் டீயை ஊதி ஊதி, அவசரமில்லாமல் குடித்தாள். மேனேஜர் கைபேசியில் நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நாளையும் அடிக்கும். உன்னைப் போல் எனக்குப் பொய் வராது. கேட்டால், நான்தான் வைத்தேன் என்பேன்.